இரண்டாவது வாக்கெடுப்பு கேட்டது நியாயமா? பிரெக்ஸிட் பற்றி ஒரு விவாதம்

#1 தேம்ஸ்கரை

விசா கட்டணம் பற்றிய இழையில் பேச்சு எங்கெங்கோ போய்விட்டதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அங்கே ஒருவர், 2016ல் தோற்றவர்கள் தோல்வியை ஏற்க மனமில்லாமல்தான் மறுபடி வாக்கெடுப்பு கேட்டுத் தெருவில் இறங்கினார்கள் என்று எழுதியிருந்தார். 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் லண்டனில் நடந்த பேரணிகளில் நானும் நடந்தவன். அதனால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2016 ஜூன் 23 அன்று வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே கேள்வி. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா? வெளியேற 51.9 சதவீதம், நீடிக்க 48.1. வெளியேறிய பிறகு எங்கே போய் நிற்போம் என்பதற்கு அந்தச் சீட்டில் பதில் கிடையாது. நார்வே மாதிரி, உறுப்பினராக இல்லாமலே ஐரோப்பாவின் பொதுவான ஒற்றைச் சந்தைக்குள் இருந்துகொள்ளலாம் என்றவர்களும் அந்தப் பக்கம்தான். ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறினாலும் பரவாயில்லை என்றவர்களும் அதே பக்கம்தான்.

அப்போதைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் 2018 நவம்பரில் வெளியானது, 585 பக்கம். அதைப் பார்த்துவிட்டு யாரும் வாக்களிக்கவில்லை. இதுதான் ஒப்பந்தம், இதற்குச் சம்மதமா, இல்லை இருக்கும் இடத்திலேயே இருந்துவிடலாமா என்று மக்களிடம் கேளுங்கள் என்றோம். அந்த டிசம்பரிலேயே ஐரோப்பிய நீதிமன்றம், விலகல் அறிவிப்பை பிரிட்டன் தானாகவே திரும்பப் பெறலாம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. கேட்பதற்கு வழி திறந்தே இருந்தது. கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்கிறேன்.

#2 பழைய வாக்காளர்

தம்பி, அதை எழுதியது நான்தான். நான் ஹில்லிங்டனில் இருக்கிறேன். லண்டனில் வெளியேறச் சொன்ன ஐந்து பரோக்களில் (உள்ளாட்சிப் பகுதிகளில்) எங்களுடையதும் ஒன்று. நானும் வெளியேறத்தான் வாக்களித்தேன், இன்றைக்கும் அந்த முடிவில்தான் இருக்கிறேன். எனக்குச் சட்டம் போடுகிறவரை என் வாக்கால் வீட்டுக்கு அனுப்ப முடிய வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

வாக்கெடுப்புக்கு முன்னால் அரசு 2 கோடியே 70 லட்சம் வீடுகளுக்கு ஒரு துண்டறிக்கை அனுப்பியது. நீங்கள் எதை முடிவு செய்கிறீர்களோ அதை அரசு நிறைவேற்றும் என்று அதில் தெளிவாக இருந்தது. முதலில் ஒரு முறை கேட்போம், பிறகு இன்னொரு முறை கேட்போம் என்று எந்த வரியும் இல்லை. 1 கோடியே 74 லட்சம் பேர் அதை நம்பிப் போய் வாக்களித்தார்கள். இந்த நாட்டு வரலாற்றில் வேறு எதற்கும் அத்தனை பேர் வாக்களித்ததில்லை. 2017 தேர்தலில், முடிவை மதிப்போம் என்று சொன்ன இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் வாங்கின. இதற்கெல்லாம் பிறகு 2018ல் வந்து, உங்களுக்கு விவரம் புரியாமல் வாக்களித்துவிட்டீர்கள், மறுபடி வாருங்கள் என்றால் எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இது பழக்கம்தான். ஒன்றியத்தின் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை டென்மார்க் 1992ல் வேண்டாம் என்றது, 1993ல் மறுபடி கேட்டார்கள். நைஸ் ஒப்பந்தத்தை அயர்லாந்து 2001ல் வேண்டாம் என்றது, 2002ல் மறுபடி கேட்டார்கள். லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008ல் வேண்டாம் என்றது, 2009ல் மறுபடி. வேண்டும் என்று பதில் வந்தால் மட்டும் யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை.

#3 மதுரைக்காரி

ஐயா, அந்த இரண்டு நாடுகளிலும் இரண்டாவது முறை என்ன கேட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டென்மார்க்கில் 50.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றதும், பொது நாணயம், பாதுகாப்பு உட்பட நான்கு விஷயங்களில் அவர்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி கேட்டார்கள். அப்போது 56.7 சதவீதம் பேர் சரி என்றார்கள். அயர்லாந்துக்கு லிஸ்பன் ஒப்பந்தத்தில் வரி, ராணுவ நடுநிலை, கருக்கலைப்பு பற்றியெல்லாம் எழுத்தில் உத்தரவாதம் கிடைத்தது. ஐரோப்பிய ஆணையத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஆணையர் என்பதும் தக்கவைக்கப்பட்டது. முதல் நைஸ் வாக்கெடுப்பில் வந்து வாக்களித்தவர்களே 34.8 சதவீதம்தான். இரண்டாவது முறை கிட்டத்தட்ட பாதிப் பேர் வந்தார்கள். அவர்களை யாரும் கையைப் பிடித்து முத்திரை குத்த வைக்கவில்லை. மறுபடியும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. 2016 வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு, வெளியேறச் சொன்ன தலைவர்களில் ஒருவரான நைஜல் ஃபராஜ் ஒரு பத்திரிகைப் பேட்டியில் என்ன சொன்னார்? 52க்கு 48 என்று தன் பக்கம் தோற்றால் விஷயம் முடிந்ததாக அர்த்தமில்லை என்றார். மறுவாக்கெடுப்பு கேட்டு 40 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனுவைத் தொடங்கியவரும் வெளியேறும் பக்கத்தைச் சேர்ந்தவர்தான். தன் பக்கம் தோற்றுவிடுமோ என்று முன்கூட்டியே தொடங்கி வைத்தார். அந்தப் பக்கம் தோற்றிருந்தால் அவர்களும் மறுவாக்கெடுப்பு கேட்டிருப்பார்கள். அதுவும் நியாயமாகவே இருந்திருக்கும்.

2016 வாக்கெடுப்பே இரண்டாவதுதானே? 1975 ஜூனில் நீடிக்கலாமா என்று கேட்டபோது 67.2 சதவீதம் பேர் சரி என்றார்கள்.

#4 பழைய வாக்காளர்

1975ஐ எடுத்ததற்கு நன்றி அம்மா. என் வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. 1975ல் நீடிப்போம் என்றார்கள், நீடித்தோம். 41 வருடம் அந்த முடிவோடு வாழ்ந்து பார்த்த பிறகுதான் மறுபடி கேட்டார்கள். நீங்கள் கேட்டது முடிவை நிறைவேற்றும் முன்பே அதை ரத்து செய்ய. எடுத்த முடிவை முதலில் செய்து பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் அப்புறம் மாற்றக் கேட்கலாம்.

#5 வன்னியூரான்

நீங்கள் இரு பகுதியும் மக்கள், மக்கள் என்று கதைக்கிறீர்கள். அந்த மக்களுக்குள் நான் இல்லை. அதைப் பற்றி யாரும் எழுதாதபடியால் நான் எழுதுகிறேன்.

நான் நெதர்லாந்துக் கடவுச்சீட்டுக்காரன். அகதியாக அங்கே போய், பிரசாவுரிமை எடுத்து, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு இங்கே வந்த ஈழத்தமிழரில் நானும் ஒருவன். ஹாரோ, ஈஸ்ட்ஹாம் பக்கம் நெதர்லாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, டென்மார்க்கில் இருந்து இப்படி வந்த ஆக்கள் நிறையப் பேர் இருக்கிறோம். 2016ல் எனக்கு வாக்கு இல்லை. ஆனால் கொழும்பில் இருந்து மாணவர் விசாவில் வந்த என் பெறாமகனுக்கு வாக்கு இருந்தது. அவன் இலங்கைக் குடிமகன், பொதுநலவாய நாட்டவன் என்ற படியால். இந்தியர்களுக்கும் அப்படியே. ஐரோப்பியரில் அயர்லாந்து, மால்டா, சைப்பிரஸ் ஆக்களுக்கு மட்டும்தான் வாக்குப் போட முடிந்தது. யாருடைய வாழ்க்கையை அந்த முடிவு நேரடியாகப் புரட்டிப் போடுமோ, அவர்களைக் கேட்கவில்லை.

முடிவு வந்த பிறகு எங்கள் உரிமை பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பேரப்பொருளாகக் கிடந்தது. என்ன நடக்கும் என்று தெரியாமல் வருடக்கணக்கில் இருந்தோம். கடைசியில் நிரந்தர அந்தஸ்துக்கு நாங்களே விண்ணப்பம் போட வேண்டி வந்தது. எனக்குக் கிடைத்துவிட்டது, குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது வாக்கெடுப்பு என்று ஊர்வலம் போன தம்பிமாரிடமும் ஒன்று கேட்கிறேன். அதை நடத்தியிருந்தாலும் அதே வாக்காளர் பட்டியலைத்தானே வைத்திருப்பார்கள்?

#6 தேம்ஸ்கரை

அண்ணா, பட்டியலை மாற்ற வேண்டும், 16 வயதினரையும் ஐரோப்பியக் குடிமக்களையும் சேர்க்க வேண்டும் என்று எங்களில் பலர் கேட்டோம். ஆனால் இயக்கத்தின் முதல் கோரிக்கையாக அது இருக்கவில்லை என்பது உண்மை. பட்டியலை மாற்றினால் முடிவை மாற்றுவதற்காகச் செய்த தந்திரம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம் இருந்தது.

#7 எடின்பரோ செல்வி

ஸ்காட்லாந்திலிருந்து எழுதுகிறேன். 2014 சுதந்திர வாக்கெடுப்பில் இங்கே குடியிருந்த ஐரோப்பியர்களுக்கும் 16, 17 வயதினருக்கும் வாக்கு இருந்தது. 84.6 சதவீதம் பேர் வந்து வாக்களித்தார்கள். அதனால் பட்டியலை மாற்றுவது முடியாத காரியம் இல்லை.

அந்த 2014 பிரச்சாரத்தில் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது என்ன தெரியுமா? பிரிந்து போனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் போய்விடும், பிரிட்டனோடு இருந்தால்தான் பாதுகாப்பு என்று. 55.3 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்றார்கள். இரண்டே வருடத்தில் ஸ்காட்லாந்தின் 32 உள்ளாட்சிப் பகுதிகளும், ஒன்று விடாமல், ஐரோப்பாவில் நீடிக்க வாக்களித்தும் வெளியே இழுத்துப் போனார்கள். சூழ்நிலை அடியோடு மாறிவிட்டது, மறுபடி கேளுங்கள் என்றால் லண்டன் மறுக்கிறது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், வெஸ்ட்மின்ஸ்டர் (லண்டன் நாடாளுமன்றம்) அனுமதி இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இப்படி ஒரு வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

பழைய வாக்காளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. 41 வருடம் காத்திருக்க வேண்டும் என்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? வட அயர்லாந்துக்கு 1998 சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அயர்லாந்தோடு சேர்வது பற்றி ஒரு வாக்கெடுப்பு நடந்தால், அடுத்ததற்கு ஏழு வருட இடைவெளி போதும். ஒரே நாட்டுக்குள் ஒரு பகுதிக்கு ஏழு வருடம், இன்னொரு பகுதிக்கு ஒரு தலைமுறை என்றால் எப்படி?

என் பக்கத்துக்காரர்களுக்கும் சொல்கிறேன். பிரெக்ஸிட் ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகு மக்களைக் கேட்க வேண்டும் என்று நாம் வாதாடினோம். நாளை ஸ்காட்லாந்து பிரிய முடிவெடுத்தால் எல்லை, நாணயம், கடன் எல்லாம் பேசி முடித்த பிறகு இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று லண்டன் சொல்லும். அதை நாம் ஏற்கத் தயாரா? நான் தயார்.

#8 குறிப்பேடு

நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதுவரை இரண்டாவது வாக்கெடுப்பைப் பற்றியே பேசுகிறோம். கோளாறு முதலாவதில் இருக்கிறது.

2015ல் வாக்கெடுப்புக்காகப் போட்ட சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வெளியேறு என்று முடிவு வந்தால் அடுத்து என்ன செய்வது என்று ஒரு பிரிவும் இல்லை. குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் வேண்டும் என்றும் இல்லை. நான்கு வருடம் முன்பு, 2011ல், தேர்தல் முறையை மாற்றலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, ஆம் என்று வந்தால் அது தானாக நடைமுறைக்கு வரும்படி சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். 2016ல் சட்டப்படி அது ஆலோசனை மட்டும். ஆனால் ஐயா சொன்ன துண்டறிக்கையில் நிறைவேற்றுவோம் என்று வாக்குறுதி. சட்டம் ஒன்று, வாக்குறுதி இன்னொன்று. பின்னால் வந்த அத்தனை சண்டைக்கும் அந்த இடைவெளிதான் காரணம்.

வரம்பு வைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. 1979ல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சபை வேண்டுமா என்று கேட்டபோது, மொத்த வாக்காளரில் 40 சதவீதம் ஆம் என்றாக வேண்டும் என்று விதி வைத்தார்கள். வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் ஆம் என்றும், மொத்த வாக்காளரில் அது 32.9 சதவீதம்தான் என்பதால் தோற்றதாகக் கணக்கு. அந்தக் கசப்பு இருபது வருடம் போகவில்லை. அதே சமயம் 2006ல் மாண்டினீக்ரோ செர்பியாவை விட்டுப் பிரிய 55 சதவீதம் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனை வைத்தது. 55.5 வந்தது, பிரிந்தது. மயிரிழையில் தப்பிய முடிவுதான். ஆனாலும் எல்லையைப் போட்டிக்கு முன்பே கோடு போட்டு வைத்ததால் அது நின்றது.

கனடாவில் கியூபெக் மாகாணம் பிரிந்து போகலாமா என்று இரண்டு முறை கேட்டது. 1980ல் ஏறத்தாழ 60க்கு 40 என்று தோற்றது. 1995ல் 49.4க்கு 50.6. அத்தனை நெருக்கமாக வந்த பிறகுதான் கனடா விழித்துக்கொண்டது. தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை வேண்டும், அதற்குப் பிறகு இரு தரப்பும் பேசியே ஆக வேண்டும் என்று 1998ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

எனக்குப் பிடித்த உதாரணம் நியூஸிலாந்து. அது பிரிவினை பற்றியது இல்லை, தேர்தல் முறை பற்றியது. 1992ல் முதல் வாக்கெடுப்பு: இப்போதிருக்கும் முறையை மாற்ற வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த முறை? கிட்டத்தட்ட 85 சதவீதம் பேர் மாற்று என்றார்கள். 1993ல் இரண்டாவது: பழையதா, தேர்ந்தெடுத்த புதியதா? புதியது 53.9 சதவீதம் வாங்கி ஜெயித்தது. 85 எங்கே, 54 எங்கே என்று பாருங்கள். மாற்றம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வது சுலபம், குறிப்பிட்ட ஒரு மாற்றத்துக்குக் கை தூக்குவது கடினம். ஆனாலும் இரண்டாவது வாக்கெடுப்பைத் துரோகம் என்று யாரும் சொல்ல இடமில்லாமல் போனது. இரண்டு கட்டம் உண்டு என்று முதலிலேயே எல்லோருக்கும் தெரியும்.

பிரிட்டனிலும் இந்த யோசனை வந்தது. 2011 அக்டோபரில் நாடாளுமன்றப் பொதுச்சபை விவாதத்தில் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஜேக்கப் ரீஸ்-மாக், இரண்டு வாக்கெடுப்புகள் வைக்கலாம், இரண்டாவதைப் பேச்சுவார்த்தை முடிந்த பிறகு வைப்பது பொருத்தமாக இருக்கும் என்று பேசினார். பின்னாளில் மறுவாக்கெடுப்பைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். அந்த யோசனையை 2015 சட்டத்தில் எழுதியிருந்தால், தேம்ஸ்கரையும் பழைய வாக்காளரும் இன்று இதில் சண்டை போட வேண்டிய தேவையே இருந்திருக்காது. அப்போதைய பிரதமர் கேமரன் எழுதவில்லை. நீடிப்போம் என்றே முடிவு வரும் என்று நம்பியவருக்கு, தோற்றால் என்ன என்பதற்கு ஏற்பாடு செய்யத் தோன்றவில்லை. மன்னிக்க முடியாத அலட்சியம் அது.

#9 குமரி முனை

நான் சண்டர்லாந்தில் செவிலியர். இந்தியக் குடியுரிமையோடு 2016ல் வாக்களித்தேன், நீடிக்க. இந்த ஊரில் 61.3 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள், ஐரோப்பாவுக்குக் கார் ஏற்றுமதி செய்யும் நிஸ்ஸான் தொழிற்சாலை இருக்கும் ஊரில்.

என் வார்டில் கூட வேலை பார்ப்பவர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாம் அந்த 61 சதவீதத்தில் இருக்கிறார்கள். கப்பல் கட்டும் தளம் மூடியது, சுரங்கம் மூடியது, யாரும் இவர்களைக் கேட்கவில்லை. எந்தத் தேர்தலிலும் இந்தத் தொகுதிகளில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே தெரியும். வாக்கு எண்ணிக்கைக்கு மதிப்பு வந்த முதல் நாள் அந்த ஜூன் 23. மறுபடி கேட்போம் என்ற பேச்சு வந்தபோது இவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். நான் அவர்களோடு வாக்களிக்கவில்லை, ஆனாலும் இரண்டாவது வாக்கெடுப்பு வேண்டாம் என்றுதான் அப்போதே நினைத்தேன். லண்டன் பேரணியில் நடந்தவர்கள் ஒருமுறை இங்கே வந்து பேசியிருக்கலாம்.

#10 தேம்ஸ்கரை

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவர்களை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்கச் சொல்லவில்லையே. அவர்களையும் சேர்த்துத்தான் கேட்கச் சொன்னோம்.

நாடாளுமன்றத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மே ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்று தோற்றது. மார்ச்சில் இரண்டு முறை மறுபடி தோற்றது. அதாவது உறுப்பினர்களிடம் ஒரே ஒப்பந்தத்தை மூன்று முறை கேட்கலாம், மக்களிடம் இரண்டாவது முறை கேட்கக் கூடாது! ஏப்ரல் 1 அன்று மாற்று வழிகளை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஐரோப்பாவோடு ஒரே சுங்க வரி வைத்துக்கொள்ளும் சுங்க ஒன்றியம் 273க்கு 276, மூன்று வாக்கில் போனது. ஒப்பந்தத்தை மக்களிடம் விடுவது 280க்கு 292. எதற்கும் பெரும்பான்மை கிடைக்காத சபை, கேள்வியை மக்களிடம் திருப்பிக் கொடுப்பதில் என்ன குற்றம்?

எனக்கு இன்றும் ஆறாதது அந்தச் சுங்க ஒன்றிய வாக்குதான். மறுவாக்கெடுப்பை விரும்பிய உறுப்பினர்களிலேயே சிலர் அதை ஆதரிக்கவில்லை. நான்கு பேர் கூடுதலாகக் கை தூக்கியிருந்தால், இவ்வளவு தூரம் அறுத்துக்கொண்டு போகாத ஒரு விலகல் கிடைத்திருக்கலாம்.

#11 பழைய வாக்காளர்

மக்களிடம் திருப்பிக் கொடுத்தார்களே தம்பி. 2019 டிசம்பர் 12 பொதுத்தேர்தல். ஆறு மாதத்தில் மறுவாக்கெடுப்பு என்று லேபர் சொன்னது, 202 இடம். ஒப்பந்தத்தோடு வெளியேறுவோம் என்று கன்சர்வேட்டிவ் பிரதமர் ஜான்சன் சொன்னார், 365. லேபர் கோட்டைகளான போல்சோவர், வொர்க்கிங்டன், டோனி பிளேர் நின்ற செட்ஜ்ஃபீல்ட் எல்லாம் கட்சி மாறின. குமரி முனை அம்மா சொன்ன மாதிரி மனிதர்கள்தான் அங்கே வாக்களித்தவர்கள்.

#12 மதுரைக்காரி

365 இடம், 43.6 சதவீத வாக்கு. மறுவாக்கெடுப்பை ஆதரித்த லேபர், லிபரல் டெமாக்ரட், ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி, பசுமைக் கட்சி எல்லாவற்றையும் கூட்டினால் 50க்கு மேல் வருகிறது. இடக் கணக்கை மக்கள் தீர்ப்பு என்று சொல்லாதீர்கள் ஐயா. வாக்கெடுப்பில் 51.9ஐப் பெரும்பான்மை என்று ஏற்றுக்கொண்டால், இங்கேயும் அதே அளவுகோலை வையுங்கள்.

#13 பழைய வாக்காளர்

லேபருக்கு வாக்களித்த எல்லோரும் மறுவாக்கெடுப்புக்காகத்தான் வாக்களித்தார்கள் என்று எப்படிச் சொல்வீர்கள்? என் மகளே மருத்துவமனைகளுக்காக அந்தக் கட்சிக்கு வாக்களித்தவள், மறுவாக்கெடுப்பு பிடிக்காதவள்.

#14 புதிதாய் வந்தவன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் 2022ல் வேலை விசாவில் வந்தவன். இப்போது வரும் கருத்துக்கணிப்புகளில் பாதிக்கும் மேல், வெளியேறியது தவறு என்கிறார்கள். அப்படியென்றால் மறுபடி சேர வாக்கெடுப்பு வருமா?

#15 குறிப்பேடு

இப்போதைக்கு வராது. 2024 தேர்தல் அறிக்கையில் லேபர், ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்புவதில்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் ஆட்சிக்கு வந்தது. சேர விரும்பினாலும் புதிய நாடு மாதிரி விண்ணப்பிக்க வேண்டும், 27 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். தாட்சர் 1984ல் வாங்கிய பணத் தள்ளுபடி, யூரோவிலிருந்து விலக்கு இதெல்லாம் பழையபடி கிடைக்கும் என்று நம்ப இடமில்லை. கருத்துக்கணிப்பில் தவறு என்று சொல்வதும், அந்த நிபந்தனைகளோடு சேரக் கை தூக்குவதும் ஒன்றில்லை. நியூஸிலாந்தின் 85ஐயும் 54ஐயும் மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிரெக்ஸிட் ஒப்பந்தத்துக்குள்ளேயே ஒரு மறுவாக்கெடுப்பு எழுதப்பட்டிருக்கிறது, பலருக்கு அது தெரியாது. வட அயர்லாந்துக்கான தனி வர்த்தக ஏற்பாடு தொடரலாமா என்று அங்குள்ள சபை குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வாக்களிக்க வேண்டும். சாதாரணப் பெரும்பான்மையில் ஜெயித்தால் நான்கு வருடத்தில் மறுபடி, இரு சமூகத்தின் ஆதரவோடும் ஜெயித்தால் எட்டு வருடம். 2024 டிசம்பர் 10 அன்று முதல் வாக்கு, 48க்கு 36. பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் முழுமையாக எதிர்த்தார்கள், அதனால் நான்கு வருடம்தான். அவர்களுக்கு அந்த ஏற்பாடே பிடிக்காது. ஆனாலும் அடுத்த வாய்ப்பு எப்போது என்று அவர்களுக்குத் தெரியும்.

#16 பழைய வாக்காளர்

இப்படி இருந்தால் நான் ஒப்புக்கொள்வேன். மறுபடி சேர வாக்கெடுப்பு வந்தால் என் நிபந்தனையும் இதுதான். முதலில் பேசி முடிக்கட்டும், யூரோ உண்டா, கட்டணம் எவ்வளவு என்று தாளில் போடட்டும், அப்புறம் கேட்கட்டும்.

#17 தேம்ஸ்கரை

ஐயா, 2018ல் நாங்கள் கேட்டதும் இதே வரிசைதான்.

#18 பழைய வாக்காளர்

நீங்கள் கேட்டது ஆட்டம் பாதியில் இருக்கும்போது. நான் சொல்வது தொடங்கும் முன்பு. இந்த வித்தியாசத்தை நான் விடமாட்டேன். ஆனால் தொடங்கும் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்பதில் குறிப்பேட்டோடு எனக்குச் சண்டை இல்லை.

#19 வன்னியூரான்

எழுதும்போது யார் வாக்களிக்கலாம் என்பதையும் எழுத வேண்டும். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தங்கள் தேர்தல்களில் சட்டப்படி குடியிருக்கும் வெளிநாட்டவருக்கும் 16 வயதினருக்கும் வாக்குரிமை கொடுத்துவிட்டன. வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலில் எனக்கு இன்றும் இல்லை. அடுத்த வாக்கெடுப்புச் சட்டம் எப்போது வந்தாலும், முதல் வரைவு வெளியாகும் கிழமையிலேயே உங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதைப் பற்றி எழுதுங்கள். வாக்கு உள்ள நீங்கள் எழுதினால்தான் அவர்கள் வாசிப்பார்கள்.